துணி உலர்த்தும் டிரையர்: சேலம், ஏற்காடு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரையர் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி ஒரே இடத்தில்தான் போய் முடிகிறது: உள்ளே சூடான காற்று வெளியே போக வழியில்லை. ஹீட்டரையும் எலக்ட்ரானிக் போர்டையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் காற்றைப் பாருங்கள். கீழே உள்ள பதில்களில் பல இதைத்தான் வேறு வேறு கோணத்தில் சொல்கின்றன.

"டிரையர் ஓடவில்லை" என்றால் எந்த டிரையர்?

கடையிலோ மெக்கானிக்கிடமோ பேசும்போது முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் வலது பக்கம் வேகமாகச் சுற்றும் சின்னத் தொட்டியையும் நாம் டிரையர் என்கிறோம். அது பிழிவதோடு சரி, சூடு கிடையாது. தனியாக நிற்கும், முன்பக்கம் வட்டக் கதவு வைத்த, சூடான காற்றில் துணியைப் புரட்டிப் புரட்டி உலர்த்துவது இன்னொரு டிரையர். இதில் மூன்று வகை. ஈரக் காற்றை ஹோஸ் வழியாக வெளியே தள்ளும் வென்ட் வகை, ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் கண்டென்சர் வகை, ஏசி போல கம்ப்ரசர் வைத்த ஹீட் பம்ப் வகை. இவை தவிர துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே ட்ரம்மில் நடக்கும் வாஷர் டிரையர். தனித் தலைப்பு இல்லாத இடங்களில் வென்ட் வகையை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கியிருக்கும்போது டிரையர் போட்டுப் பயனுண்டா? காற்றே ஈரமாகத்தானே இருக்கிறது?

பயனுண்டு. கொடியில் மூன்று நாள் தொங்கினாலும் காயாத துணி டிரையரில் காய்ந்துவிடும். 15 டிகிரியில், ஈரம் முழுக்க நிரம்பிய காற்றை எடுத்து 55 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 11 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெளியில் மூடுபனியாக இருந்த அதே காற்று ட்ரம்முக்குள் நுழையும்போது நல்ல காய்ந்த காற்று.

கெடுப்பது வேறொன்று. குளிருக்குப் பயந்து ஜன்னல் கதவையெல்லாம் அடைத்துவிட்டு, ஹோஸை அறைக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். 5 கிலோ துணியிலிருந்து மூன்று லிட்டர் தண்ணீர் ஆவியாகி அதே அறையில் சுற்றினால், டிரையர் அதையே திரும்ப இழுக்கும். அரை மணி நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும், ஒரு சீசனில் சுவரில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். ஹோஸ் கட்டாயம் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். அதே அளவு காற்று உள்ளே வர ஜன்னல் நாலு விரல் திறந்திருக்க வேண்டும்.

சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றே கொஞ்சம் மெலிதாகத்தான் இருக்கும். கீழே சமவெளியில் தள்ளும் அளவு காற்றை விசிறி இங்கே தள்ளாது. ஃபில்டரும் ஹோஸும் சுத்தமாக இருந்தால் அது தெரியாது. பாதி அடைத்திருந்தால், சேலத்தில் சமாளித்துக்கொண்டிருந்த மெஷின் மேலே வந்ததும் சூடேறிக் கட் ஆகத் தொடங்கும்.

முன்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்த துணிக்கு இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது. எங்கிருந்து பார்ப்பது?

முதலில் பஞ்சு ஃபில்டர். ஒவ்வொரு லோடுக்கும் பிறகு பஞ்சை வழித்து எடுப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, வலை கண்ணுக்குச் சுத்தமாக இருந்தும் அடைத்திருக்கலாம் என்பது. துணிக்கு வாசனையும் மென்மையும் தரும் கண்டிஷனர் திரவம் வலைக் கண்களில் மெல்லிய மெழுகுப் படலமாகப் படியும். ஃபில்டரைக் குழாய்க்கு அடியில் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் சல்லென்று இறங்கினால் நல்லது. தட்டில் நிற்பதுபோல் தேங்கினால், வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து பழைய பல் துலக்கும் பிரஷால் இரு பக்கமும் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈர ஃபில்டரை மாட்டினால் பஞ்சு களிபோல ஒட்டிக்கொள்ளும். கண்டிஷனர் போடும் வீட்டில் மாதம் ஒருமுறை இந்தச் சோதனை போதும்.

இரண்டாவது, ஃபில்டர் உட்காரும் பள்ளம். டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் திண்டுபோல் பஞ்சு சேர்ந்திருக்கும். வாக்குவம் கிளீனரின் ஒல்லியான மூக்கு போகும். அது இல்லையென்றால் பாட்டில் கழுவும் நீண்ட பிரஷ். பஞ்சைக் கீழே தள்ளிவிடாமல் மேலே இழுத்து எடுக்க வேண்டும். கீழே விழுந்தால் நேராக விசிறிக்குப் போகும்.

மூன்றாவது ஹோஸ். மெஷினை முன்னால் இழுத்து, ஹோஸைக் கழற்றி, அறை ஜன்னலைத் திறந்து வைத்து, ஈரத் துணியோடு பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். பின்பக்கத் துவாரத்தில் காற்று வேகமாகவும் வெதுவெதுப்பாகவும் அடித்தால் மெஷினில் குறை இல்லை, ஹோஸில்தான் குறை. ஹோஸ் இல்லாமலும் காற்று மந்தமாக வந்தால் உள்ளே விசிறிக் கூட்டில் பஞ்சு இருக்கிறது, அல்லது விசிறி மோட்டார் தண்டில் லூஸாகிச் சுற்றுகிறது.

இவையெல்லாம் சரியாக இருந்தால் துணியைப் பாருங்கள். 5.5 கிலோ மெஷின் என்பது காய்ந்த துணியின் எடை. டபுள் காட் பெட்ஷீட் ஒன்று தடிமனானால் ஒரு கிலோவை ஒட்டி வரும். ஜீன்ஸ் முக்கால் கிலோ. ட்ரம்மில் மேல் பக்கம் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தால்தான் துணி உயரே போய் விழும். பெட்ஷீட்டுக்குள் சட்டைகள் சுருண்டு மாட்டிக்கொண்டு உருண்டையானால் வெளியே காய்ந்திருக்கும், உள்ளே சொட்டும். பாதியில் நிறுத்தி உதறிப் போடுங்கள்.

ஹோஸ் எப்படிப் போட வேண்டும்?

உள்விட்டம் 4 அங்குலம், அதாவது 100 மி.மீ. நீளம் மூன்று மீட்டரைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. ஒவ்வொரு 90 டிகிரி வளைவும் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நேர் ஹோஸுக்குச் சமமான தடையைத் தரும். இரண்டு வளைவு வந்துவிட்டால் உங்கள் கணக்கு அங்கேயே தீர்ந்தது. சுருள் கம்பி வைத்த பிளாஸ்டிக் ஹோஸ் மலிவு. ஆனால் அதன் மடிப்புகளில் பஞ்சு தங்கும், எளிதில் நசுங்கும், தீ பிடித்தால் உருகும். அலுமினியக் குழாய் நல்லது. இணைப்பில் ஹோஸ் கிளிப் போடுங்கள், அதன் மேல் அலுமினிய டேப். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ வேண்டாம். அதன் முனையில்தான் பஞ்சு முதலில் சிக்கும்.

மலைமேல் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 50 டிகிரி ஈரக் காற்று 15 டிகிரி குளிர்ந்த குழாய்ச் சுவரைத் தொட்டதும் உள்ளேயே தண்ணீராகிவிடும். ஹோஸ் நடுவில் தொட்டில்போல் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் நீர் சேர்ந்து வழியை அடைக்கும். ஓடும்போது "களக் களக்" என்று சத்தம் கேட்டால் இதுதான். வெளிப்பக்கம் சாயும்படி, ஒரு மீட்டருக்கு இரண்டு செ.மீ. சரிவில் குழாயைக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். தண்ணீர் வெளியே சொட்டட்டும், மெஷினுக்குள் திரும்பக் கூடாது.

வெளி முனையில் கொசு வலை கட்டாதீர்கள். ஒரே மாதத்தில் பஞ்சு அதை கம்பளிபோல் மூடிவிடும். காற்று வந்தால் திறந்து, நின்றால் தானே மூடிக்கொள்ளும் மடிப்புத் தகடு வைத்த மூடி போடுங்கள். எலி, பல்லி, குளவி மூன்றும் மூடி இல்லாத குழாயைத் தேடி வரும். எஸ்டேட் பக்கம் குரங்கு நடமாட்டம் இருந்தால் பிளாஸ்டிக் மூடி நிலைக்காது. இரும்பில் செய்து சுவரில் ஆங்கர் போல்ட் அடித்துவிடுங்கள்.

சமையலறைச் சிம்னியின் குழாயில் இதைச் சேர்ப்பது பல வீடுகளில் நடக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சும் ஒரே குழாயில் இருக்கவே கூடாது. பாத்ரூம் எக்ஸாஸ்ட் விசிறித் துவாரமும் வேண்டாம்.

ட்ரம் சுற்றுகிறது, காற்றும் வருகிறது, ஆனால் சூடே இல்லை. ஹீட்டர் போய்விட்டதா?

போயிருக்கலாம். அதற்கு முன் புரோகிராமைப் பாருங்கள். "குளிர் காற்று" நிலையில் குமிழ் நின்றிருந்தால் சூடு வராது. இதற்காகவே சர்வீஸ் கட்டணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, பாதுகாப்பு கட் அவுட். ஹீட்டர் கூட்டின் மேல் பொத்தான் அளவில் இரண்டு தெர்மோஸ்டாட் இருக்கும். ஒன்று சூடு ஏற ஏற விட்டுவிட்டு வெட்டிச் சேர்க்கும். மற்றொன்று அளவு மீறினால் வெட்டிவிட்டு அப்படியே நிற்கும். சில மாடல்களில் அதன் நடுவே சின்ன பொத்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மெஷின் ஆறியதும் அழுத்தினால் "டிக்" என்று உட்காரும். சிலவற்றில் பொத்தான் கிடையாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் வேலை ஐந்து நிமிடம். பிளக்கைப் பிடுங்குங்கள். ஹீட்டரின் இரு ஒயரையும் கழற்றி ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். 2000 வாட்ஸ் ஹீட்டர் 26 ஓம்ஸ் ஒட்டிக் காட்டும், 2500 வாட்ஸ் என்றால் 21. முடிவின்றிக் காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. ஹீட்டர் முனைக்கும் மெஷின் உடம்புக்கும் இடையே எந்த வாசிப்பும் வரக் கூடாது. வந்தால் பாடியில் தொடுகிறது. தெர்மோஸ்டாட் இரண்டும் அறை வெப்பத்தில் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒயர் மாட்டும் கிளிப் கருகி, பழுப்பேறி இருந்தால் அதையும் வெட்டி எறிந்து புதிது போடுங்கள். லூஸ் கிளிப் சூடாகித்தான் பாதி ஹீட்டர்கள் "போனது" போலத் தெரிகின்றன.

கட் அவுட் வெட்டியிருந்தால் அது நோயல்ல, அறிகுறி. காற்று அடைத்ததால் சூடு உள்ளே தேங்கியிருக்கிறது. ஃபில்டர், விசிறிக் கூடு, ஹோஸ் மூன்றையும் சுத்தம் செய்யாமல் கட் அவுட்டை மட்டும் மாற்றினால் பத்து லோடு தாங்காது. "கட் அவுட் ஸ்டாக் இல்லீங்க, இப்போதைக்கு டைரக்ட் கொடுத்துடறேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். பஞ்சு நிறைந்த பெட்டிக்குள் இரண்டாயிரம் வாட்ஸ் ஹீட்டரை நிறுத்த ஆளில்லாமல் விடுகிற வேலை அது. ஸ்பேர் வரும்வரை துணி கொடியில் கிடக்கட்டும்.

சாயங்காலம் வோல்டேஜ் குறைவாக வருகிறது. அதனால் பாதிப்பு உண்டா?

நிறைய. ஹீட்டரின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2000 வாட்ஸ் தரும் ஹீட்டர், 190 வோல்ட்டில் சுமார் 1365 வாட்ஸ்தான் தரும். 180க்கு இறங்கினால் 1225. கிட்டத்தட்ட நாற்பது சதவீதச் சூடு போய்விட்டது, ஆனால் மெஷின் ஓடுவதாகத்தான் தெரியும். லைன் கடைசியில் இருக்கும் எஸ்டேட் வீடுகளில் இதைப் பழுது என்று நினைத்து ஹீட்டர் மாற்றியும் குணமில்லை என்பார்கள். டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே அறையில் வோல்டேஜை அளந்து பாருங்கள். ஓடாதபோது 225, ஓடும்போது 195 என்றால் வீட்டு ஒயரிங் மெலிது அல்லது எங்கோ இணைப்பு லூஸ். இரண்டு நிலையிலும் 190 என்றால் லைனிலேயே குறைவு.

ஸ்டெபிலைசர் வைப்பதானால் 4 கே.வி.ஏ.வுக்குக் குறையாமல் வையுங்கள். ஃபிரிட்ஜுக்கு வாங்கியது தாங்காது. வீட்டு இன்வெர்ட்டரில் டிரையரை இணைக்கவே வேண்டாம்.

பிளக் பாயிண்ட் 16 ஆம்ப், தனி லைன், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், மெயின் போர்டு தூரமாக இருந்தால் 4 சதுர மி.மீ. தனி எம்.சி.பி. (லோடு மீறினால் வெட்டும் ஸ்விட்ச்) 16 ஆம்ப். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. பத்து ஆம்ப் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடும் லோடு இது, மிக்ஸி போல இரண்டு நிமிடத்தில் நிற்பதில்லை.

மோட்டார் உறுமுகிறது, ட்ரம் சுற்றவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ட்ரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் லேசாக ஓடினால் பெல்ட் அறுந்துவிட்டது. கொஞ்சம் இழுத்துக்கொண்டு, பெல்ட்டின் கனத்தோடு சுற்றினால் பெல்ட் இருக்கிறது. அப்போது மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். சுற்றவே மறுத்தால் துணியோ ஊக்கோ விளிம்பில் சிக்கியிருக்கிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது.

கெப்பாசிட்டர் மாற்றும்போது பழையதன் உடம்பில் என்ன எம்.எஃப்.டி. (அதன் கொள்ளளவு) எழுதியிருக்கிறதோ அதே எண், 450 வோல்ட். கூடுதலாகப் போட்டால் வேகம் கூடாது, மோட்டார்தான் சூடாகும். கழற்றும் முன் அதன் இரு முனைக்கும் ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரு ஒயரை ஒரு நொடி தொட்டு எடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தேங்கியிருக்கும்.

பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாம், பொறுமை இருந்தால். பழைய பெல்ட்டின் வெளிப்பக்கத்தில் "1975 எச் 7" போல ஒரு எண் இருக்கும். முதல் எண் மி.மீ.யில் நீளம், கடைசி எண் உள்பக்கக் கோடுகளின் எண்ணிக்கை. இரண்டும் பொருந்த வேண்டும். மேல் மூடி பின்னால் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். கழற்றி, மூடியைப் பின்னுக்குத் தள்ளித் தூக்குங்கள். பிறகு மாடலைப் பொறுத்துப் பக்கத் தகடு அல்லது முன் தகடு. திறந்ததும் முதல் வேலை, செல்போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்வது. ட்ரம்மைச் சுற்றி ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று ஒரு பட்டை தெரியும், பழைய பெல்ட் ஓடிய தடம். புதிய பெல்ட்டைக் கோடு போட்ட பக்கம் ட்ரம்மைத் தொடும்படி அந்தத் தடத்தில் உட்கார வையுங்கள். கீழே மிஞ்சும் வளையத்தை, ஸ்பிரிங் வைத்த டென்ஷன் புல்லியைக் கையால் அழுத்திக்கொண்டே, மோட்டார் புல்லியில் மாட்டுங்கள். கோடுகள் மோட்டார் புல்லியில் உட்கார வேண்டும், வழவழப்பான முதுகு டென்ஷன் புல்லியில் ஓட வேண்டும். ட்ரம்மைக் கையால் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். பெல்ட் தானே நேராகிக்கொள்ளும். மூடும் முன் ட்ரம் விளிம்பில் இருக்கும் ஃபெல்ட் பட்டை எங்கும் மடிந்திருக்கவில்லை என்று விரலால் தடவிப் பாருங்கள். மடிந்த இடத்தில் துணி சிக்கிக் கறுப்புக் கோடு விழும்.

திறந்ததுதான் திறந்தீர்கள், அடித்தட்டில் கிடக்கும் பஞ்சு அத்தனையும் வாரி எடுங்கள். மோட்டாரைச் சுற்றிப் பஞ்சு மெத்தை விரித்திருக்கும்.

என்ன சத்தம் வந்தால் என்ன பொருள்?

கீச்சென்று தொடர்ந்து வந்தால் டென்ஷன் புல்லி காய்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பஞ்சு ஒட்டிப் பசையாகிவிடும்; புல்லியையே மாற்றுங்கள். சுற்றுக்கு ஒருமுறை "டம்" என்றால் ட்ரம்மைத் தாங்கும் ரோலர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது. மெஷின் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்து, ஓட்டிய முதல் சில நிமிடம் மட்டும் வந்து மறைந்தால் பொருட்படுத்த வேண்டாம். கிணுகிணு என்றால் காசு, ஊக்கு, ஹேர்பின், குழந்தையின் வெள்ளிக் கொலுசு மணி. தகடு உரசும் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

தொட்டால் சுருக்கென்று ஷாக். ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ஸ்விட்ச்) வேறு விழுகிறது.

பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டியதும் பாறை வந்துவிடும். ஆழமில்லாமல் போட்ட எர்த் குழி மழைக்காலத்தில் வேலை செய்து, கோடையில் காய்ந்து கைவிட்டுவிடும்.

மெஷின் நல்ல நிலையில் இருந்து, மூன்று நாலு மாதம் ஓட்டாமல் வைத்து, மழை தொடங்கியதும் முதல்முறை போடும்போது மட்டும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. விழுகிறதா? உறை போட்ட ஹீட்டருக்குள் இருக்கும் தூள் ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம். எர்த் சரியாக இருப்பது உறுதியானால், குளிர் காற்று நிலையில் அரை மணி நேரம் காலியாக ஓட்டிவிட்டுப் பிறகு சூட்டுக்குப் போங்கள். அப்படியும் விழுந்தால் ஹீட்டர் கசிகிறது, மாற்ற வேண்டியதுதான். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு ஓட்டுவது தீர்வல்ல.

கண்டென்சர், ஹீட் பம்ப் டிரையருக்கு ஹோஸ் கிடையாதே. பராமரிப்பு என்ன?

ஒவ்வொரு லோடுக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். நிறைந்தால் மெஷின் நின்றுவிடும். தொட்டி காலியாக இருந்தும் "நிறைந்தது" என்று காட்டினால் அடியில் மிதவையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது, அல்லது சின்ன பம்ப் அடைத்திருக்கிறது. கண்டென்சர் வகையில் கீழ்க் கதவைத் திறந்து, தாழ்ப்பாளைத் திருப்பினால் முழு அலகும் உருவி வரும். மாதம் ஒருமுறை குழாயடியில் இரு திசையிலும் தண்ணீர் விட்டு அலசி, வடிய விட்டு மாட்டுங்கள். ஹீட் பம்பில் பெரும்பாலும் அது உருவி வராது. மெல்லிய அலுமினியத் தகடுகளைத் துடைக்க மிருதுவான பிரஷ், மேலிருந்து கீழாக மட்டும். தகடு மடங்கினால் காற்றுப் பாதை போயிற்று. கம்ப்ரசர் கேஸ் லீக் என்றால் வீட்டில் செய்யும் வேலை இல்லை.

சேலத்துக் கோடைக்கு ஒரு குறிப்பு. இந்த இரண்டு வகையும் அறைக் காற்றை நம்பித்தான் ஓடுகின்றன. பெரும்பாலான கையேடுகள் அறை 35 டிகிரிக்குள் இருக்கச் சொல்லும். ஏப்ரல், மே மதியத்தில் மூடிய யுடிலிட்டி அறை அதை எளிதாகத் தாண்டும். மெஷின் நீண்ட நேரம் ஓடும், தொட்டியில் தண்ணீர் குறைவாகச் சேரும். பழுதல்ல. அந்த நேரத்தில் மொட்டை மாடியில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் துணிக்கு டிரையர் எதற்கு?

வாஷர் டிரையரில் துவைத்த அத்தனையும் காய மாட்டேன் என்கிறது.

துவைக்கும் அளவும் உலர்த்தும் அளவும் வேறு. 8 கிலோ துவைக்கும் மெஷின் ஏறக்குறைய 5 கிலோதான் உலர்த்தும். பாதியை வெளியே எடுத்துவிடுங்கள். இன்னொன்று: இவற்றில் பல மாடல்கள் உலர்த்தும்போதும் குழாய்த் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இழுத்து ஆவியைக் குளிர்விக்கின்றன. "துவைத்துதான் முடிந்ததே" என்று குழாயை மூடினால் துணி வெந்த மாதிரி சூடாக, ஈரமாகவே வரும். மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தாலும் இதே கதை.

செமி ஆட்டோமேட்டிக்கில் ஸ்பின் சுற்றவில்லை, அல்லது மெதுவாகச் சுற்றுகிறது.

முதலில் வடிகால் ஹோஸ். அது தரையில் படுத்திருக்க வேண்டும். வாசல்படியைத் தாண்டித் தூக்கிப் போட்டிருந்தாலோ அடைத்திருந்தாலோ வெளித் தொட்டியில் தண்ணீர் நின்று ஸ்பின்னைப் பிடித்து இழுக்கும். அடுத்து, கைக்குட்டையோ குழந்தையின் சாக்ஸோ உள் கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே இறங்கியிருக்கும். கூடையைக் கையால் எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே டார்ச் அடித்து, வளைந்த கம்பியால் இழுங்கள். துணிமேல் வைக்கும் பிளாஸ்டிக் தட்டைத் தொலைத்துவிட்ட வீடுகளில்தான் இது அதிகம் நடக்கும்.

மூடியைத் திறந்தால் பிரேக் பிடிக்கும், மூடினால் விடும். இந்த இரண்டையும் செய்வது ஒரு மெல்லிய பிரேக் ஒயர். அது அறுந்தால் பிரேக் எப்போதும் பிடித்தபடியே நிற்கும். மோட்டார் உறுமும், ரப்பர் கருகும் வாடை வரும். பின் தகட்டைக் கழற்றினால் ஒயர் தெரியும். மூடினாலும் சத்தமே இல்லையென்றால் மூடி ஸ்விட்ச் அல்லது ஸ்பின் டைமர். மோட்டார் ஓடுகிறது, கூடை ஓடவில்லை என்றால் இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட் லூஸ்.

ஸ்பின் பக்கம் அடியில் தண்ணீர் ஒழுகினால் தள்ளிப்போடாதீர்கள். தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல் கிழிந்திருக்கிறது, தண்ணீர் நேராக மோட்டார் மேல் விழுகிறது. சீல் சின்னச் செலவு, மோட்டார் பெரிய செலவு.

ஒரு லோடுக்கு எத்தனை யூனிட்?

வென்ட் வகையில் முழு லோடுக்கு சுமார் மூன்று, நன்றாகப் பிழியாத துணிக்கு நாலு. ஹீட் பம்ப் அதில் பாதிக்கும் குறைவு. மாதம் எட்டு லோடு போட்டால் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 50 யூனிட் கூடும். இலவச யூனிட்டில் பெரும் பங்கு அங்கேயே போகிறது. குறைக்க வழி ஸ்பின்னில் இருக்கிறது. 5 கிலோ காட்டன் துணி 800 சுற்றில் பிழிந்தால் சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீரோடு வரும், 1400 சுற்றில் இரண்டரை லிட்டர். அந்த ஒரு லிட்டரை ஆவியாக்க ஹீட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் வேண்டும். கூடுதலாகச் சில நிமிடம் பிழிவதற்கு ஆகும் கரண்ட் கணக்கிலேயே வராது.

டிரையரில் எதைப் போடக் கூடாது?

எண்ணெய் பட்ட துணி. பலரும் நம்ப மாட்டார்கள், ஆனால் இதுதான் உண்மையான தீ ஆபத்து. எண்ணெய்க் குளியலுக்குத் தலை துவட்டிய துண்டு, அடுப்படித் துணி, விளக்குத் துடைத்த துணி இவற்றில் துவைத்த பிறகும் நல்லெண்ணெய் மிச்சம் இருக்கும். சூட்டில் அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து மேலும் சூடாகும். மெஷினிலிருந்து எடுத்து மடித்துக் குவித்து வைத்த பிறகும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போய்ப் புகையலாம். இவற்றை வெந்நீரில் இருமுறை சோப்புப் போட்டுத் துவைத்து, கொடியில் போடுங்கள். பெட்ரோல், தின்னர் பட்ட துணி எக்காரணம் கொண்டும் கூடாது. ஸ்பாஞ்ச், ரப்பர் அடி வைத்த மிதியடி, கம்பளி, பட்டு, சேலம் வெண்பட்டு வேட்டி இவையும் வேண்டாம்.

கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் ஓடுவது துணியை ஆற்றத்தான். அவசரத்துக்குப் பாதியில் நிறுத்தினால் துணியை உடனே எடுத்துப் பரப்பிப் போடுங்கள்; சூட்டோடு ட்ரம்மில் விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

போர் தண்ணீரில் துவைத்த துணி டிரையரில் விறைப்பாக வருகிறது. மெஷின் சீக்கிரமே நின்றும்விடுகிறது.

உப்புத் தண்ணீர் டிரையரின் ஹீட்டரைக் கெடுக்காது, அது காற்றில்தான் இருக்கிறது. ஆனால் துணியில் தங்கிய உப்பும் சோப்பும், ட்ரம்முக்குள் முன்பக்கம் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளில் படியும். ஈரம் தொட்டால் அறியும் சென்சார் அவை. படலம் மூடினால் ஈரத் துணியையும் காய்ந்ததென்று எண்ணி நிறுத்திவிடும். பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, ஈரத் துணியால் மறுபடி துடையுங்கள். விறைப்புக்கு, கடைசி அலசலை மேட்டூர் தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது பழுது பார்க்கலாம், எப்போது விட்டுவிடலாம்?

பெல்ட், புல்லி, கெப்பாசிட்டர், தெர்மோஸ்டாட், கதவு ஸ்விட்ச், ஃபெல்ட் எல்லாம் எத்தனை வயது மெஷினிலும் மாற்றத் தகுந்தவை. ஹீட்டரும் அப்படியே. மோட்டார் அல்லது போர்டு போய், மெஷினும் பத்து வருடம் தாண்டியிருந்தால் புதிய மெஷின் விலையில் பாதிக்கு மேல் செலவழிக்காதீர்கள். ட்ரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் விட்டுவிடலாம்.

ஏற்காட்டிலிருந்து ஆள் கூப்பிடுபவர்கள் போனிலேயே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண், ட்ரம் சுற்றுகிறதா இல்லையா, சூடு வருகிறதா இல்லையா. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தபின் "ஸ்பேர் எடுத்துக்கிட்டு நாளைக்கு வரேங்க" என்று கேட்பதைவிட, ஸ்டிக்கரைப் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடலாம்.